மேற்கே பாய்ந்த ஆறு

செப்டம்பர் 22

இந்த டைரி சிமெண்ட் கடை முதலாளி எனக்கென்று தனியாக எடுத்துவைத்துக் கொடுத்தது. மற்ற மேஸ்திரிகளுக்கெல்லாம் காலண்டர்தான். ஜனவரியில் கொடுத்தார், வேலை நெருக்கடியில் இன்றுவரை பிரிக்க நேரம் இல்லை. என் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று பல பெரிய மனிதர்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்று நல்ல நாள். ஆரம்பிக்கிறேன்.

பெயர் சென்னியப்பன். படிப்பு எட்டாவது. அதற்கு மேல் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியாரே கும்பிட்டு அனுப்பிவிட்டார். முப்பத்தெட்டு வருடமாகக் கொத்து வேலை. நான் வைத்த கல் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. போன ஆடியில் சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் பிசகியது. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவன் எழுந்து நடந்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் தங்கை தெய்வானையின் மகள் கோகிலவாணி திருச்சியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் படிக்கிறாள். முடித்தால் டாக்டர், ஊசி போடாத டாக்டர். குழி தோண்ட, சமைக்க, காவல் இருக்க நம்பிக்கையான ஆள் வேண்டும், மாமாவை விட்டால் வேறு கதி இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றாள். போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 24

வந்து சேர்ந்தோம். கரூருக்கு மேற்கே ஒரு மேட்டுக்காடு. காவிரி இங்கிருந்து வடக்கே ஒன்பது கிலோமீட்டர். ஆனாலும் கால் வைக்கிற இடமெல்லாம் ஆற்றுக் கூழாங்கல். பழனாத்தாள் அக்காவின் காடு இது. அறுபது வயது, இருபது ஆடு, வாய் நீளம். கோகிலவாணி தங்க மோட்டார் ரூமைக் கொடுத்திருக்கிறார். எனக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை.

"ஏப்பா மேஸ்திரி, இந்தக் கல்லப் பாக்கவா காசு செலவு பண்ணி வந்தீங்க? என்னையக் கேட்டா லாரில ஏத்தி அனுப்பியிருப்பனே" என்றார்.

"இது சாதாரணக் கல்லில்லீங்க்கா. அஞ்சு லட்சம் வருசத்துக்கு முந்துன கல்லு."

கோகிலவாணி சாமான் இறக்கிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "மாமா, எத்தன வருசம்னு இன்னும் யாரும் அளக்கல."

"அதான் அம்மிணி, நான் சுருக்கமாச் சொன்னேன்."

ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். மூன்று தட்டுச் சாப்பிட்டாள். (இரண்டு.)

செப்டம்பர் 25

குழி ஆரம்பம். பத்தடிக்குப் பத்தடி. தோண்டுவதென்றால் ஈசானி மூலையில் தொடங்க வேண்டும், கட்டுவதென்றால் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். இது தெரியாமல் கரண்டி பிடிக்கிறவன் மேஸ்திரியே இல்லை. கட்டும்போது கன்னி மூலையில் முதல் கல்லுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசும் ஒரு மஞ்சள் கிழங்கும் வைப்பேன். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வேலைக்கும் தவறியதில்லை. இது குழிதான், இருந்தாலும் பழக்கம் விடுமா? காசை எடுத்தேன். கோகிலவாணி கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம் மாமா. குழிக்குள்ள எதையும் வெக்கக் கூடாது. நாம எடுக்கறதுக்குத்தான் வந்திருக்கோம், வெக்கறதுக்கு வரல."

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 30

நான்கடி இறங்கியாயிற்று. வடக்குச் சுவர் முழுக்க மணல். நடுவில் விரல் மொத்தத்துக்குக் களிமண் கோடு. கோகிலவாணி சொன்னாள், மணல் இருந்தால் ஆறு நடந்து போயிருக்கிறது, களிமண் இருந்தால் தண்ணீர் தேங்கி அசையாமல் நின்றிருக்கிறது. கல் இருந்தால்? "பெரிய வெள்ளம் மாமா. கல்ல உருட்டற அளவுக்கு." கல் தெற்குச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள்.

நான் இத்தனை வருடம் அஸ்திவாரம் தோண்டியிருக்கிறேன். மண்ணை வெளியே கொட்டத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அதன் முகத்தைப் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

அக்டோபர் 3

இன்று மணல் அரித்தோம். அரிசியில் கல் அரிப்பது போலத்தான். தட்டில் மணலை அள்ளி, தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றி மேலே இருப்பதைச் சிந்தவிட வேண்டும். கடைசியில் தட்டின் அடியில் ஒரு கரும்பிறை நின்றது. கருமணல். காகிதத்தில் சுற்றிய காந்தத்தைக் காட்டினாள். முள் மாதிரி எழுந்து ஒட்டிக்கொண்டது. மிச்சத்தில் கடுகில் பாதியாகச் சிவப்புப் பொடிகள். கார்னெட் என்றாள்.

"இது இந்த ஊர்க் கல்லு இல்லீங் மாமா. எனக்குத் தெரிஞ்சு இந்தச் செவப்பு மேக்க மலையிலதான் கெடக்குது. அங்க பாறை ஒடஞ்சு, ஆத்துல விழுந்து, இத்தன தூரம் உருண்டு வந்திருக்குது. வழியில மெதுக் கல்லெல்லாம் மாவாப் போயிரும். வெள்ள வெங்கச்சாங்கல்லு, கார்னெட்டு, இந்தக் கருப்பு, இதுகதான் தாக்குப் பிடிச்சு வரும். கனமா இருக்கறதால ஆறு கொஞ்சம் மூச்சு வாங்கற எடத்துல எறக்கி வெச்சுரும்."

"மினுக்கற காக்காப்பொன்னு?"

"அது லேசு. தண்ணி நிக்கற வரைக்கும் மெதந்துட்டே போகும்."

பைக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் எனக்காகத் தமிழிலேயே எழுதச் சொல்லிவிட்டாள். எண், இடம், ஆழம், பொருள். கடைசியில் ஒரு வரி, "கொண்டுவந்து சேர்த்தது". அதில் எல்லாப் பைக்கும் "ஆறு" என்றே எழுதுகிறேன். ஒரு பைக்கு மட்டும், மேல்மண்ணுக்கு, "காற்று".

அக்டோபர் 8

முழங்கால் வலி. பழனாத்தாள் அக்கா வந்து, "மூணாவது மாடியில இருந்து உளுந்தவரு இந்தப் படிக்கு இத்தன மொனகறீங்களே" என்று கேட்டார். கோகிலவாணி சிரித்தாள். அவளுக்குத் தெரியும், சாரத்தின் முதல் பலகை என்று. ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிப் போனதே அவள் அம்மாதான். ஆனாலும் அக்காவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்டோபர் 10

தெற்குச் சுவர் வந்துவிட்டது! அவள் சொன்னபடியே முட்டளவுக்கு மேல் கூழாங்கல் அடுக்கு. உள்ளங்கை அகலத் தட்டைக் கற்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் மணல் அடைத்து. கடவுளே கொத்து வேலை பார்த்த மாதிரி.

அவள் நாளை திருச்சி போக வேண்டும். வருகிறபோது அளக்க ஒரு கருவி வாங்கி வருவாளாம். ஐந்து நாள் ஆகும். அதற்குள் நான்கு தடவை சொல்லிவிட்டாள்:

"தெக்குச் செவுத்த மட்டும் தொடாதீங் மாமா. தார்ப்பாய் போட்டு மூடியே வெய்யுங். ஒரு சொட்டு மழத் தண்ணி படக் கூடாது."

"நான் இருக்கறப்ப மழைக்கே தைரியம் வராது கண்ணு."

அக்டோபர் 12

பழனாத்தாள் அக்கா ஆட்டுத் தீவனத்துக்கு வைத்திருந்த சோளத்தட்டுப் போர் திறந்து கிடந்தது. மழை வருமா என்று கேட்டார். வானத்தைப் பார்த்து, பத்து நாளைக்கு ஒரு தூறல் கிடையாது என்று சொன்னேன். என் வாக்கு மழை விஷயத்தில் தவறியதே இல்லை.

பாவம், தனியாள்.

அக்டோபர் 14

மழை. இப்படி ஒரு மழையை இந்த ஜில்லா கண்டதில்லை. காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தெற்குச் சுவர் மூலைக்கு மூலை அப்படியே சரிந்து குழிக்குள் கிடக்கிறது.

அக்டோபர் 15

காலையில் குழியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாளை வந்துவிடுவாள். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். கல் சரிந்தால் என்ன, கல்லை எடுத்து வைக்கத்தானே பிறந்திருக்கிறேன்.

சரிந்த கல்லையெல்லாம் பொறுக்கினேன். ஒன்றுகூட வெளியே இருந்து எடுக்கவில்லை, அதே கல், அதே மணல். கன்னி மூலையில் தொடங்கினேன். ஒவ்வொரு கல்லையும் முன்னால் வைத்த கல்லின் மேல் லேசாகச் சாய்த்து, இடுக்கில் மணல் திணித்து, தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி, கிழக்கு மூலை வரை கொண்டுபோனேன். வரிசைக்கு வரிசை மூட்டு மேல் மூட்டு வராமல் மாற்றி வைத்தேன். கடைசியில் ஈரச் சாக்கால் ஒத்தி எடுத்ததில் கை பட்ட அடையாளமே இல்லை. பொழுது சாய்கிற வரை ஒரே ஆள். முழங்கால் வலி தெரியவே இல்லை.

எத்தனையோ கட்டியிருக்கிறேன். இப்படி ஒரு சுவர் கட்டியதில்லை. இது மிகையில்லை.

அக்டோபர் 16

கோகிலவாணி வந்தாள். நேராகக் குழிக்குள் இறங்கினாள். சுவர் முன்னால் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"மழ பேஞ்சுதாமா? பஸ்ஸுல சொன்னாங்க."

"சும்மா ஒரு தூறல்."

"நல்ல வேளைங் மாமா. அப்படியே இருக்குது. தேங்க்ஸ்."

படித்த பெண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எந்தக் கலெக்டர் கொடுப்பார்?

அக்டோபர் 17

இன்று அளந்தாள். புதுக் கருவி, நடுவில் முள் ஆடுகிறது. ஒவ்வொரு தட்டைக் கல்லும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறித்தேன். நாற்பது கல்.

எதற்கு என்று கேட்டேன்.

"ஓட்டத்துல தட்டக் கல்லு படுத்தே கெடக்காது மாமா. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கும், கூரையில ஓடு வேஞ்ச மாதிரி. தண்ணி எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம் தல சாஞ்சிருக்கும். ஆறு போயி எத்தன ஆயிரம் வருசம் ஆனாலும் சரி, கல்லப் பாத்தா அது போன தெச தெரியும். கல்லு பொய் சொல்லாது."

நோட்டைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

"மாமா, எல்லாமே மேக்க பாத்துச் சாஞ்சிருக்குது. கிழக்க போக வேண்டிய ஆறு மேக்க போயிருக்குது!"

முழங்கால் வலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 19

அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. போனில் அம்மாவிடம் பேசினாள், பேராசிரியர் ஜெபராஜ் சாரிடம் பேசினாள். அவர்தான் இவளுடைய படிப்புக்குப் பொறுப்பானவர். ஐந்து வருடமாக, "எல்லாரும் சொன்னதைத்தானே நீயும் சொல்றே" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதராம். உதவித்தொகை டிசம்பரோடு நிற்கிறது. அதற்குள் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தாளாம். இதையெல்லாம் இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவே இல்லை.

மாதக் கடைசிக்குள் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். இருபத்தெட்டாம் தேதி சார் நேரில் வந்து சுவரைப் பார்க்கிறார். மறுநாள் அனுப்பிவிடுவாள்.

இன்றைக்கு ரசம். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 20

நாள் முழுக்கக் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புப் பொடி மேற்கு மலையில் இருந்து வந்தது என்கிறது. கல், ஆறு மேற்கே போனது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதனால் ஒரு காலத்தில் நிலம் மேற்கே சரிந்திருக்கலாம் என்று எழுதினாள். பிறகு சிவப்புப் பொடி அதற்கும் முன்னாலேயே கிழக்கே வந்து கிடந்திருக்கலாம் என்று எழுதினாள். பிறகு அதற்கு ஒரு காரணம்.

எனக்கு இந்த வேலை தெரியும். முதல் பலகையில் இருந்து விழுந்ததை மூன்றாவது மாடி ஆக்கினால், ஏன் சாகவில்லை என்பதற்கு ஒரு மணல் குவியல் வேண்டும். மணல் குவியல் அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஒரு லாரி வேண்டும். நான் சந்தோஷமாகச் செய்வேன். இவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அடித்து அடித்து எழுதுகிறாள். இவள் கதை கட்டவில்லை. நான் கட்டியதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 21

பழனாத்தாள் அக்கா தார்ப்பாயை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கோகிலவாணி வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா மேஸ்திரி, உன்ற தார்ப்பாயி. அந்த மழைக்கும் என்ற சோளத்தட்டு ஒரு சொட்டு நனையல. நல்லா இருப்ப."

கோகிலவாணி பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "மழை அன்னிக்குத் தார்ப்பாய் இங்க இல்லீங்களா மாமா?"

"ரெண்டு இருந்துச்சு அம்மிணி. ஒண்ணத்தான் குடுத்தேன்."

அவள் சரி என்று வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள். நம்பிவிட்டாள். கேட்ட மாத்திரத்தில் அப்படியே நம்பிவிட்டாள்.

காற்றில் போனது என்று பதினான்காம் தேதி எழுதியிருக்கிறேன். அது காற்றில் போகவில்லை. பன்னிரண்டாம் தேதி நானே கொடுத்தது. என் டைரியிலேயே நான் ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. யார் படிக்கப் போகிறார்கள்?

அக்டோபர் 23

விடியற்காலை. அவள் எழுவதற்கு முன் கடப்பாரையோடு குழியில் இறங்கினேன். இடித்துவிட்டு, மழை ஈரத்தில் சரிந்தது என்று சொல்லிவிடலாம். சார் வந்து பார்க்க ஒன்றும் இருக்காது. கடப்பாரையை ஓங்கினேன்.

சுவரை இடித்து என்ன பயன்? நோட்டில் நாற்பது கல் இருக்கிறது, என் கையெழுத்தில். சுவர் இல்லாவிட்டால் அந்த நாற்பதுதான் சாட்சி.

மேலே ஏறி வந்து அடுப்பு பற்றவைத்தேன்.

அக்டோபர் 25

சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், இந்தப் படிப்பில் யாராவது தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று.

"தப்புன்னா திருத்திக்கலாம் மாமா. எல்லாரும் தப்புப் பண்றதுதான். ஆனா எங்க லைன்ல ஒருத்தர் வேற எடத்துக் கல்லக் கொண்டாந்து வெச்சு எழுதுனாராம். சார் சொல்லுவாரு. அவரு பேரச் சொன்னாலே இப்பவும் சிரிப்பாங்க. அப்பறம் அவரு உண்மையாக் கண்டுபுடிச்சதக்கூட யாரும் நம்பல."

"அவரே வெக்காம, வேற யாராவது வெச்சிருந்தா?"

"கட்டுரையில அவரு பேருதானே இருக்கும்." தட்டைக் கழுவ எழுந்தவள் திரும்பினாள். "என்னங் மாமா, என்னென்னமோ கேக்கறீங்?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சுவரு எனக்கு அவ்வளவு பழசாத் தெரியல. புதுசாட்ட இருக்குது."

சிரித்துவிட்டாள். "அஞ்சு லட்சம் வருசம்னு சொன்னது நீங்கதானே?"

அக்டோபர் 28

ஜெபராஜ் சார் பத்து மணிக்கு வந்தார். நரைத்த மீசை, வெயிலில் காய்ந்த கழுத்து, நல்ல மனிதர். குழிக்குள் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டார். சுவரைத் தொடாமல், கையைக் கிட்டே கொண்டுபோய், குளிர் காய்கிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"கோகிலா, இவ்வளவு அழகான அடுக்கு நான் படத்துலதான் பார்த்திருக்கேன். நீ எழுதினது சரிதான்."

கோகிலவாணி கழுத்துவரை சிவந்துபோனாள். மேலே பழனாத்தாள் அக்கா ஆட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார். நான் டீ டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டம்ளர்களைத் தரையில் வைத்தேன்.

"சார்" என்றேன். "இது ஆறு அடுக்குனது இல்லீங். நான் அடுக்குனது."

சார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அக்கா மேலே இருந்து கைதட்டினார்.

"கேட்டுக்குங் சார்! போன மாசம் மேட்டூர் டேமுல பாதி நான்தான் கட்டுனேன்னாரு. இப்பக் காவேரியவே திருப்பி உட்டுட்டாரு!"

கோகிலவாணியும் சிரித்தாள். "மாமா, சார் இருக்காருங். வெளையாடாதீங்."

"வெளையாட்டில்ல அம்மிணி. மழையில சரிஞ்சுது. நான் எடுத்து வெச்சேன்."

"அய்யா" என்றார் சார் பொறுமையாக, "மனுசன் கை வெச்சிருந்தா மண்ணு தளர்ந்திருக்கும். இதப் பாருங்க, எவ்வளவு இறுக்கம்."

"தண்ணி தெளிச்சு, கட்டையில தட்டி, ஈரச் சாக்குல ஒத்தி எடுத்தேனுங்."

இதற்கு மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதற்காகவே வாய் திறப்பவன் நான். இந்தச் சிரிப்பு மட்டும் நிற்க வேண்டும் என்றிருந்தது. எதைச் சொன்னாலும் இன்னொரு மாடி ஏறுகிறது.

"கண்ணு" என்றேன். "கன்னி மூலையில, அடி வரிசையில முதக் கல்ல எடுத்துப் பாரு. மொத நாளு நீ வெக்க வேண்டாம்னு சொன்னயே, அத அங்க வெச்சிருக்கறேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்ததை முகத்தில் பார்த்தேன். சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு மூலையில் மண்டியிட்டாள். கல்லைச் சுற்றி மணலைச் சுரண்டினாள். கல் வந்தது. முதலில் மஞ்சள் கிழங்கு, நிறம் மாறாமல். அதற்கடியில் காசு.

உள்ளங்கையில் வைத்து ஊதினாள். "ரெண்டாயிரத்துப் பத்தொம்பது" என்று படித்தாள், பைச் சீட்டைப் படிக்கிற அதே குரலில்.

ஒரு ஆடு மட்டும் கத்தியது.

"மூலையில இருந்து ஒவ்வொண்ணா முன்னால வெச்ச கல்லு மேல சாச்சுட்டே போனேன்" என்றேன். "அதான் எல்லாத் தலையும் மேக்க. ஆறு போகல அம்மிணி. நான்தான் அந்தப் பக்கம் இருந்து வந்தேன். தார்ப்பாயும் ஒண்ணுதான் இருந்துச்சு."

சார் குழிக்குள்ளேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இருபத்தேழு வருசமா ஆத்துக் கல்லுதான் பார்க்கறேன். என்னை ஏமாத்தின முதல் சுவரு உங்களுது" என்றார்.

என் வாழ்நாளில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

கோகிலவாணி காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அனுப்பியிருப்பேனுங் மாமா" என்றாள். அவ்வளவுதான். காசையும் மஞ்சளையும் ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, எழுந்து போனாள். மத்தியானம் சாரின் காரிலேயே திருச்சி போய்விட்டாள்.

அக்டோபர் 30

குழிக்குத் தார்ப்பாய் போட்டேன். ஓரத்தில் கல் வைத்தேன்.

நவம்பர் 1

மழை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நனைந்தது நான் மட்டும்தான்.

நவம்பர் 2

பழனாத்தாள் அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். கிண்டல் எதுவும் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் தேவலை.

நவம்பர் 4

தெய்வானை போன் செய்தாள். "அண்ணா, அந்தப் புள்ள வந்து ஒரு வார்த்த பேசல. என்னாச்சு?" என்றாள். சொன்னேன். நடந்ததை நடந்தபடி. "கையில வேலை இல்லாம ஒடஞ்சு உக்காந்திருக்கயேன்னுதான் அவகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி உன்னைய அனுப்பி வெச்சேன்" என்றாள்.

தெய்வானை கெஞ்சியது எனக்கும் தெரியும். செப்டம்பர் இருபத்திரண்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும், மேலே வந்து படிந்தது இது.

நவம்பர் 7

கோகிலவாணி வந்துவிட்டாள். பையை வைத்ததும், "பழைய குழிக்குக் கிழக்க பத்தடி தள்ளிப் புதுசா ஒண்ணு வெட்டணும்" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

வெட்டினேன்.

நவம்பர் 11

ஐந்தடியில் அதே கூழாங்கல் அடுக்கு. அதற்குமேல் என்னை இறங்கவிடவில்லை. அவளே பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்துத் திறந்தாள். நான் மேலே நின்று குறித்தேன். அறுபது கல். ஐம்பத்து நான்கு கிழக்கே, கொஞ்சம் வடக்கு ஒட்டி. மிச்சம் ஆறு கல் எங்கெங்கோ.

"எல்லாரும் சொன்னதுதான்" என்றாள். முகம் கோணவில்லை. மணலை அரித்துப் பார்த்தாள்; சிவப்பு, கருப்பு, அதே பிறை. "இப்பக் கல்லும் கார்னெட்டும் ஒரே பேச்சுப் பேசுது. அந்தக் காகிதத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டதுக்கு அப்பறம்தான் தூக்கமே வந்துச்சு." தட்டைக் கழுவிக்கொண்டே, "சாரு உதவித்தொகைய ஜூன் வரைக்கும் நீட்டச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காருங் மாமா" என்றாள்.

மாமா என்று வந்துவிட்டது. நோட்டில் தலையைக் குனிந்து ஐம்பத்து நான்கை மறுபடி எண்ணினேன்.

இந்தக் கற்கள் எங்கிருந்தோ கிளம்பி, வழியில் மூலை முடுக்கெல்லாம் தேய்ந்து, தேய முடியாதது மட்டும் மிஞ்சி, தண்ணீர் விட்ட இடத்தில் தண்ணீர் போன பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன. அவ்வளவு காலமாக யாரும் கேட்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டன. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

நவம்பர் 13

காலி செய்கிறோம். மூட்டைகளை வண்டியில் ஏற்றினேன். பழனாத்தாள் அக்கா ஒரு படி நிலக்கடலை கொடுத்தார். "மேஸ்திரி, அடுத்த தடவ வரப்ப வெள்ளியங்கிரி மலையக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்தி வெச்சுட்டுப் போ" என்றார். பழைய வாய் திரும்பிவிட்டது.

"எத்தன மூட்டைங் மாமா?"

"பதினேழு."

"எண்ணுனீங்களா?"

"ரெண்டு தடவ."

கடைசி மூட்டையின் வாயைக் கட்டும்போது மேலாக ஒரு சின்னப் பை கிடந்தது. சீட்டு என் கையெழுத்தில் இல்லை. அவளுடையது.

எண்: 212
இடம்: பழைய குழி, தெற்குச் சுவர், கன்னி மூலை
ஆழம்: ஐந்தடி நான்கு அங்குலம்
பொருள்: காசு ஒன்று, மஞ்சள் ஒன்று
கொண்டுவந்து சேர்த்தது: மாமா

அவள் வண்டிக்காரரோடு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பையை எடுத்து, இருநூற்றுப் பதினொன்றுக்கும் இருநூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவில் வைத்து, மூட்டையைக் கட்டினேன்.